கொழும்புக்கு வீடு மாறும் மாதத்தில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வருவது எப்படி

டிசம்பரில் வீடு மாறுகிற குடும்பத்துக்கு எல்லாம் ஒன்றாகத்தான் வந்து விழும். பாடசாலை விடுமுறை அப்போதுதான். கொழும்பு வீட்டுக்காரர் திறப்புத் தருவதும் அப்போதுதான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சித்தப்பா, மாமா குடும்பங்கள் ஊருக்கு வந்து நிற்பதும் அதே இரண்டு மூன்று கிழமைக்குள்தான். ஒரு பக்கம் பெட்டி கட்ட வேண்டும். மறுபக்கம் "எங்கட வீட்டுக்கு எப்ப வாறியள்?" என்று போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

நாங்கள் யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தபோது மகளுக்கு ஆறு வயது, மகனுக்குப் பத்து மாதம். அந்த ஒரு மாதத்தில் பதினேழு வீடுகளுக்குப் போனோம். சில வீடுகளுக்குப் போனதை நினைத்தால் இன்றைக்கும் மனது நிறைகிறது. சில வீடுகளில் பிள்ளை அழ அழக் கதிரை நுனியில் பத்து நிமிடம் இருந்துவிட்டு எழும்பி வந்தோம். அப்படிப் போனதற்குப் போகாமலே விட்டிருக்கலாம். பிறகு தங்கச்சி குடும்பமும், கணவரோடு வேலை செய்கிற இரண்டு பேரின் குடும்பங்களும் இதே வழியால் வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஒழுங்குக்கு வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தை வைத்து எழுதுகிறேன். மட்டக்களப்பு, திருகோணமலை, மலையகம் என்று வேறு பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பாதை மாறும், மற்றது அநேகமாக இதேதான்.

நாள் பார்த்துவிட்டு லொறி பிடியுங்கள்

நம்மவர்கள் மார்கழியில் புதுவீடு போவதில்லை. டிசம்பரையே மார்கழி என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் பெரியவர்கள் கணக்கில் வைத்திருப்பது பஞ்சாங்க மார்கழி. அது டிசம்பர் 16 அளவில் தொடங்கித் தைப்பொங்கலோடு முடியும். விடுமுறையின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். சரி, தை பிறந்த பிறகு போகலாம் என்றால், புதிய பாடசாலை ஆண்டு சனவரியில் தொடங்குவதுதான் வழமை. இந்த இடத்தில்தான் பல வீடுகளில் மனக்கசப்பு வருகிறது. "இந்தக் காலத்திலயும் இதெல்லாம் பாக்கிறதோ" என்று இளையவர்கள் கேட்பார்கள், மாமியார் பேசாமல் குசினிக்குள் போய்விடுவார். வீடு மாறும் நேரத்தில் இந்தக் கசப்பைக் கையில் எடுக்காதீர்கள்.

கார்த்திகை முடிவதற்கு முன் ஒரு நல்ல நாளில் பால் மட்டும் காய்ச்சிவிடுங்கள். சாமானும் ஆள்களும் பிறகு போகலாம். விளக்கேற்றிப் பால் காய்ச்சிய வீட்டுக்கு மார்கழியில் போய் இருப்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் எப்படி என்பதை மூத்தவர் ஒருவரிடம் கேட்டு, அவரையே நாளையும் பார்க்கச் சொல்லுங்கள். நாள் பார்த்தவர் அதற்குப் பிறகு உங்கள் பக்கம் நிற்பார்.

இதை வீட்டுக்காரரிடம் முற்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டுவிட வேண்டும். கொழும்பில் ஆறு மாத, ஒரு வருட வாடகையை முன்கூட்டியே வாங்குகிற இடங்கள் நிறைய. அந்தக் காசைக் கையில் வாங்கும் நேரத்தில், "வாடகை சனவரியிலிருந்து இருக்கட்டும், ஒரு காலைக்கு மட்டும் திறப்புத் தாருங்கோ" என்றால் மறுப்பவர் குறைவு. பிறகு கேட்டால் இழுபடும்.

அன்றைக்கு ஒரு பை போதும். குத்துவிளக்கு, திரி, எண்ணெய், சாமிப்படம், நிறைகுடத்துக்குச் செம்பும் தேங்காயும் மாவிலையும், கொஞ்சம் உப்பு, அரிசி, மஞ்சள், ஒரு சின்னப் பானை, பத்துப் பன்னிரண்டு கப். அடுப்பை மறந்துவிடாதீர்கள். வெறும் வீட்டில் காஸ் இருக்காது. மின் அடுப்பு ஒன்றைக் கொழும்பில் இருக்கிற சொந்தக்காரரிடம் இரவல் கேட்டு வையுங்கள், மின்சாரம் வருகிறதா என்று முதல்நாளே வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

இந்தப் பால் காய்ச்சும் காலைதான் உங்கள் கொழும்புச் சொந்தத்தைச் சந்திக்க முதல் வழி. ஞாயிறு காலையாக அமைந்தால் இன்னும் நல்லது. ஐந்தாறு வீட்டுக்காரருக்கு முதல் கிழமையே சொல்லுங்கள். ஒரு கடையில் இடியப்பம், சொதி, சம்பல் சொல்லிவைத்தால் போதும், பாயில் இருந்து சாப்பிடுவார்கள். ஐந்து வீட்டுக்குத் தனித்தனியாக நீங்கள் போக வேண்டியது ஒரே காலையில் முடிகிறது. அதோடு அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, "இந்தப் பைப்பில பின்னேரம் தண்ணி குறையும், ஒரு வாளி வாங்கி வை", "கீழ் வீட்டில இருக்கிறது நம்மட ஆக்கள்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு முன்பள்ளி, மீன் கொண்டுவருகிறவர், நம்பிக்கையான ஓட்டோக்காரர் மூன்றும் கிடைத்தது அந்தப் பாயில் இருந்து கதைத்த ஒரு மணி நேரத்தில்தான். நான் கைக்குழந்தையோடு ஊரிலேயே நின்றேன். கணவரும் மாமியும் வெள்ளி இரவு பஸ்ஸில் போய் ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்பினார்கள்.

ஊரில் யார் யார் வீட்டுக்கு, எந்த ஒழுங்கில்

ஒரு கொப்பியில் பெயர்களை எழுதுங்கள். மனக்கணக்கில் விட்டால் பக்கத்து வீட்டுக்காரரை மறந்துவிடுவோம்.

முதலில், போன வருடத்தில் செத்தவீடு நடந்து நீங்கள் இன்னும் போகாத வீடு. கொழும்புக்குப் போய்விட்டால் அந்தப் போக்கு இன்னும் தள்ளிப்போகும், பிறகு போகவே முகமிராது. 31ஆம் நாள் கிரியை இன்னும் கழியாத வீடென்றால் அன்றைக்கு வேறு வீடு வைக்காதீர்கள், வந்து தலைமுழுக வேண்டியிருக்கும். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஒருவர் மட்டும் போவதும் போதும். யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள். அதேபோலப் பிள்ளை பிறந்து துடக்குக் கழியாத வீட்டுக்கு அவசரப்பட்டுப் போகாமல், போனில் கதைத்துவிட்டுத் திரும்பி வரும்போது பாருங்கள்.

இரண்டாவது, தனியாக இருக்கிற முதியவர்கள். இவர்களுக்கு நேரம் ஒதுக்குங்கள், கையைப் பிடித்துச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்களைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும். தனியாக இருக்கிற குஞ்சியம்மாவைச் சுற்றி யாரும் இல்லை. எங்கள் மாமாவின் அக்கா ஒருவர் உரும்பிராயில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். நாங்கள் போன அன்று மகளைக் குசினிக் கதவு நிலையோடு நிமிர்த்தி நிற்கவைத்து, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துத் தலைக்கு மேலே கோடு கீறினார். அந்த நிலையில் பழைய கோடுகளும் இருந்தன, என் கணவருடையது உட்பட. "அடுத்தமுறை வரேக்க இதில இருந்து எவ்வளவு வளந்திருக்கிறாய் எண்டு பாப்பம். எப்ப வருவாய்?" என்று கேட்டார். மகள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எங்களிடம் நாள் இல்லை. "கெதியா வருவம்" என்று மட்டும் சொன்னோம். அவர் தலையாட்டிய விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து எல்லாருக்கும் நான் சொல்வது இது. விடைபெறப் போகும்போது திரும்பி வரும் நாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நாம் எழும்பும்போது "போறம்" என்று சொல்வதில்லை, "போட்டு வாறம்" என்றுதான் சொல்கிறோம். அந்த "வாறம்" எப்போது என்று சொல்லக்கூடியதாக இருக்கட்டும். தைப்பொங்கலோ, சித்திரை வருசமோ, நல்லூர்த் திருவிழாவோ, ஏதாவது ஒன்றை வீட்டில் இரண்டு பேரும் கதைத்து முடிவெடுத்துவிட்டுத்தான் முதல் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். சித்திரைக்கு என்றால், "ஏப்ரல் 12 இரவு பஸ் எடுக்கிறம்" என்கிற அளவுக்குச் சொல்லுங்கள். முதியவர்கள் அதைக் கலண்டரில் குறித்துவைப்பார்கள். பிள்ளைகளும் அழுகையைக் கொஞ்சம் குறைப்பார்கள், எண்ணுவதற்கு நாள் இருக்கிறதல்லவா.

மூன்றாவதுதான் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். இவர்களுக்கு வீடு வீடாகப் போவதைவிட ஒரு இடத்தில் கூடுவது நல்லது. அம்மம்மா வீட்டு முற்றத்தில் ஒரு மத்தியானச் சாப்பாடு வைத்தால் எல்லாரையும் பார்த்தாயிற்று. அவர்களில் பலர் எப்படியும் கொழும்பால்தான் போவார்கள், விமானத்துக்கு முன் ஒரு நாள் வெள்ளவத்தையில் நிற்பார்கள். அங்கேயும் பார்க்கலாம்.

மிச்சம் இருக்கிறவர்கள் அயலவர்கள், கோயில் ஐயா, பிள்ளையின் ஆசிரியர், பால்காரர். ஒரு பின்னேரம் நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வரலாம்.

ஒரு நாளுக்கு ஒரு சாப்பாட்டு வீடு

இதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். நம்முடைய வீடுகளில் சாப்பாடென்றால் மூன்று மணி நேரம். சமைத்தவர் பரிமாறி, நாம் சாப்பிட்டு, அவர்களும் சாப்பிட்டு, பிறகு தேத்தண்ணி வரும். அன்றைக்கு மற்ற வீடு ஒன்று இருக்கட்டும், தேத்தண்ணி மட்டும். போகும்போதே போனில் சொல்லிவிடுங்கள்: "மாமி, பிள்ளைக்கு ஏழு மணிக்கு நித்திரை. நாங்கள் ஐஞ்சுக்கு வந்து ஆறுக்கு வெளிக்கிடுவம்." முன்பே சொன்னால் கோபமில்லை. வந்து இருந்த பிறகு மணிக்கூட்டைப் பார்ப்பதுதான் மனதை நோகடிக்கும்.

கிழமையில் ஒரு நாள் எந்த வீடும் இல்லாமல் விடுங்கள். அந்த நாளில்தான் பெட்டி கட்டுப்படும்.

பிள்ளையின் கையில் பெரியவர்கள் காசு வைப்பார்கள். மறுத்து இழுபறிப்படாதீர்கள், வாங்கி உடனே கொப்பியில் பெயரோடு எழுதுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்கு நீங்கள் செய்யும்போது அது உதவும்.

லொறிக்குள் போகக்கூடாதவை

எங்கள் மகன் அப்பம்மாவின் பழைய நூல்சேலை ஒன்றைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வான். நீலம், ஓரம் கிழிந்தது. சாமான் ஏற்றிய அன்று யாரோ நல்லெண்ணத்தில் அதை மடித்து மெத்தையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். லொறி ஒரு நாள் பிந்தி வந்தது. பெரியம்மாவின் பம்பலப்பிட்டி ஃபிளாட்டில் முதல் இரவு அவன் ஒரு மணிவரை அழுதான். பெரியம்மா தன் அலுமாரியிலிருந்து மூன்று சேலை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றையும் முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான். மணம் வேறு. கடைசியில் என் உடுப்புப் பெட்டிக்குள் மாமியின் கைலேஞ்சி ஒன்று அகப்பட்டது. அதை வைத்துக்கொண்டு படுத்தான்.

ஆகவே பிள்ளையின் நித்திரைச் சாமான் உங்கள் கைப்பையில். அதோடு பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், வீட்டு ஒப்பந்தம், நகை. பிறகு கிளினிக் புத்தகம். பிள்ளை பிறந்ததிலிருந்து மிட்வைஃப் நிறையும் ஊசியும் எழுதிவருகிற அந்தப் புத்தகம் இல்லாமல் கொழும்பில் ஊசிக்குப் போனால் முதலிலிருந்து விளக்க வேண்டிவரும். 9 மாதத்தில் எம்.எம்.ஆர், 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, 18 மாதத்தில் அடுத்தது என்று வரிசை இருக்கிறது. பயண நாளுக்கு முதல்நாளோ இரண்டு நாளுக்கு முன்னரோ ஊசி வைத்துக்கொள்ளாதீர்கள், காய்ச்சலோடு எட்டு மணி நேரம் பயணம் போகும். கிளம்ப முன் உங்கள் மிட்வைஃபிடம் சொல்லிவிட்டுப் போங்கள், கொழும்பில் எந்தப் பிரிவில் பதிய வேண்டும் என்று அவரே கேட்டுச் சொல்வார்.

லொறிக்காரரோடு கதைக்கும்போது இரண்டு விசயம். ஒன்று, வெள்ளவத்தை ஒழுங்கைகள் ஒடுக்கம், பெரிய லொறி உள்ளே திரும்பாது. லேனின் படம் ஒன்றை எடுத்து முன்பே காட்டுங்கள். மற்றது, ஃபிளாட் என்றால் லிஃப்டில் சாமான் ஏற்ற நேரம் வைத்திருப்பார்கள், சில இடங்களில் ஞாயிறு கூடாது. பராமரிப்பவரிடம் கேட்டு அந்த நேரத்தை லொறிக்காரருக்குச் சொல்லுங்கள். டிசம்பரில் வடக்கில் மழைக்காலம், மெத்தைக்கும் புத்தகப் பெட்டிக்கும் பொலித்தீன் சுற்றுங்கள்.

பயணம்

கைக்குழந்தையோடு இரவு பஸ்ஸா, பகல் ரயிலா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளை இருந்தால் ரயில், மடியில் நித்திரை கொள்கிற பிள்ளையென்றால் இரவு பஸ் என்பது என் எண்ணம். ரயிலில் எழும்பி நடக்கலாம், கழிவறை இருக்கிறது. பஸ் நேராக வெள்ளவத்தைக் காலி வீதியில் கொண்டுவந்து விடும், கோட்டை நிலையத்தில் பெட்டிகளோடு ஓட்டோ தேட வேண்டியதில்லை. ஆனால் அது விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு இறக்கும். அந்த நேரத்தில் கதவு திறக்க யார் எழும்புவார் என்று முதல்நாளே கேட்டு வையுங்கள். கொட்டாஞ்சேனைக்குப் போகிறவர்கள் ஏறும்போதே நடத்துநரிடம் சொல்ல வேண்டும், பஸ் அந்தப் பக்கத்தால் வந்துதான் பிறகு காலி வீதிக்குப் போகும்.

எது என்றாலும் டிசம்பர் கடைசி இரண்டு கிழமைக்கும் பொங்கலுக்கும் ஆசனம் ஒரு மாதத்துக்கு முன்பே பாருங்கள். பாதை வேலை, வெள்ளம் என்று ரயில் சில நாள் ஓடாது. நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்குங்கள்.

நாங்கள் ரயிலில் வந்தோம், மாமாவுக்காக. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அந்த இருபத்து நாலு வருடமும் அவர் யாரையும் நிலையத்தில் நின்று வழியனுப்பவில்லை. "பேத்தியை நான் ரெயிலில்தான் ஏத்திவிடுவன்" என்று நின்றார். மேடையில் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயில் அசையும்வரை மகளோடு கதைத்துக்கொண்டே வந்தார். வழியனுப்புகிறவருக்கும் இந்தப் பயணத்தில் பங்கு இருக்கிறது. எந்த இடத்தில் நின்று கையசைக்க அவருக்கு விருப்பம் என்று கேளுங்கள்.

வாகனம் பிடித்துத் தரைவழியாக வருகிறவர்கள் முறிகண்டியில் நிற்காமல் வரமாட்டார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் இரண்டு பை கூடுதலாக வாங்குங்கள். கொழும்பில் முதலில் போகிற வீட்டுப் பிள்ளைகள் அதற்குத்தான் ஓடி வருவார்கள்.

கொழும்பில் முதல் இரவுகள்

வீடு ஒழுங்காகும்வரை சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லதுதான். அளவு வையுங்கள். இரண்டு அறை ஃபிளாட்டில் நான்கு பேர் போய் நின்றால் அந்த வீட்டுப் பிள்ளை ஹோலில் படுக்கும். மூன்று இரவு என்று சொல்லி மூன்றாம் நாள் கிளம்புங்கள். புது வீட்டில் மெத்தை மட்டும் இருந்தாலும் போதும். துவாய், படுக்கை விரிப்பு, பிள்ளையின் பால்மா, பம்பஸ் எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். காலையில் பாணோ பாலோ வாங்க நீங்களே இறங்கிப் போங்கள். வேலைக்குப் போகிற வீடென்றால் காலை ஆறிலிருந்து ஏழரைவரை குளியலறைப் பக்கம் போகாமல் இருப்பது பெரிய உதவி.

பெரியம்மா முதல்நாள் எனக்கு ஒரு கதிரை போட்டு, "நீ இரு, பிள்ளையோட வந்த களைப்பு" என்றார். இரண்டாம் நாள் நானே வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகுதான் அவர் தன் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தார்.

கொழும்பு வீடுகளுக்குப் போகும் ஒழுங்கு

ஊரில் படலையைத் திறந்துகொண்டு போய் "ஆர் வீட்டில?" என்று கூப்பிடலாம். கொழும்பில் அது சரிவராது. இரண்டு பேரும் வேலை, பிள்ளைகளுக்கு டியூஷன், கீழே காவலாளி பெயர் கேட்பார். சனி, ஞாயிறு, இல்லாவிட்டால் போயா (பௌர்ணமி) விடுமுறை பார்த்து, இரண்டு மூன்று நாளுக்கு முன் கோல் எடுத்துக் கேளுங்கள். போயா நாளில் இறைச்சிக்கடைகள் பூட்டு. உங்கள் வீட்டுக்கு யாரையும் கூப்பிடுவதென்றாலும் அதை நினைவில் வையுங்கள்.

திசை பார்த்துச் சேருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை ஒரு நாள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளை இன்னொரு நாள். இரண்டையும் ஒரே நாளில் கோர்த்தால் பாதி நாள் வீதியில் போய்விடும். 100, 101 பஸ்கள் காலி வீதியால் புறக்கோட்டைக்குப் போகும். வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளிப் பக்கம் போக 155 இருக்கிறது. கடற்கரையோர ரயிலில் பிள்ளைகளை ஒருமுறை ஏற்றுங்கள். தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று யன்னல் ஓரம் கடலாகவே வரும். வேலை நாளில் காலையும் மாலையும் மட்டும் அதில் ஏறாதீர்கள், நெரிசலில் பிள்ளையைத் தூக்கி நிற்க முடியாது.

விலாசம் கேட்கும்போது வீதியின் இரண்டு பெயரையும் கேளுங்கள். பெரியவர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள், போனில் இருக்கிற வரைபடம் புதுப்பெயரைக் காட்டும். 57ஆம் லேன் என்பது ருத்ரா மாவத்தை. ஹை ஸ்ட்ரீட் என்பது டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை. டுப்ளிகேஷன் ரோட் என்பது ஆர்.ஏ. டி மெல் மாவத்தை. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதியும் டுப்ளிகேஷனும் ஒருவழிப்பாதை, போகும்போது இறங்கிய வீதியில் நின்றால் திரும்பி வர பஸ் கிடைக்காது. நாங்கள் முதல் ஞாயிறே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் பிழையான வீதியில் நின்றோம்.

கையில் என்ன கொண்டு போவது? கொழும்பு வீட்டுக்குக் கொழும்புக் கேக்கைக் கொண்டு போகாதீர்கள். ஊரிலிருந்து வருகிறவர்களின் பையில்தான் எல்லாருக்கும் கண். டிசம்பர், சனவரியில் பனங்கிழங்கு வரத் தொடங்கும். ஒரு கட்டு அவித்து, ஒரு கட்டு பச்சையாகக் கொண்டு வாருங்கள். ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், பயத்தம் பணியாரம், வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், முருங்கைக்காய். மிளகாய்த்தூளைச் சின்னப் போத்தல்களில் போட்டுப் பெயர் எழுதிக் கட்டினால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போகலாம். கொட்டாஞ்சேனையில் இருக்கிற எங்கள் மச்சாள் வீடு கத்தோலிக்க வீடு. கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் போனோம். நான் கொடுத்த போத்தலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, அவர் ஒன்றும் பேசாமல் மூடி, சாமி மேசைக்குக் கீழே இருந்த அலுமாரியில் வைத்தார். பிள்ளைகளின் கையில் எட்டாத இடம் அது ஒன்றுதானாம். திரும்பும்போது எங்களுக்கு அரைக் கேக் கட்டித் தந்தார்.

எல்லாரையும் வீட்டுக்குள்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. கைக்குழந்தை இருக்கிற இரண்டு குடும்பம் காலிமுகத்திடலில் ஒரு பின்னேரம் சந்தித்தால் யாருக்கும் சமையல் இல்லை, பிள்ளைகள் ஓடலாம். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் காலையில் போங்கள், மத்தியான வெயில் பிள்ளைகளுக்குக் கூடாது. ருத்ரா மாவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நூலகம் உண்டு. வாசிக்கிற மாமா ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைக்குக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் மகளுக்குக் கொழும்பில் முதலில் பிடித்த இடம் அதுதான்.

முதல் பொங்கல்

ஊருக்குத் திரும்பிப் போவதா, புது வீட்டில் பொங்குவதா என்று இழுபறி வரும். பாடசாலை தொடங்கிய முதல் கிழமைகளில் பிள்ளையை மறுபடி இரவு பஸ்ஸில் ஏற்றுவது நல்லதில்லை. அப்பம்மா, அம்மம்மா யாராவது இங்கே வரட்டும். நீங்கள் சொன்ன "வாறம்" சித்திரைக்கு இருக்கிறது.

மாமி வந்தார், ஒரு கையில் பானை, மறுகையில் பச்சையரிசிப் பை. முற்றமில்லாத வீட்டில் எங்கே பொங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பல்கனியைக் கழுவி, ஒரு தாம்பாளத்தில் மாக்கோலம் போட்டுக் கிழக்குப் பார்த்து வைத்தார். பால் பொங்கியபோது மேல்வீட்டிலிருந்தும் பட்டாசுச் சத்தம் கேட்டது.

முதியவர்கள் முதல்முறை வரும்போது இறங்கும் இடத்தைப் போனில் விளங்கப்படுத்தி விட்டுவிடாதீர்கள். பஸ் புத்தளம் தாண்டும்போது ஒரு கோல் எடுக்கச் சொல்லி, உங்களில் ஒருவர் தெரிந்த ஓட்டோவோடு காலி வீதியில் போய் நில்லுங்கள். குடையும் ஒரு சுடுதண்ணிப் போத்தலும் கொண்டு போங்கள். காவலாளியிடம் முதல்நாள் இரவே பெயர் கொடுத்துவைத்தால் அந்த விடியற்காலையில் வாசலில் நிற்க வேண்டியிராது.